‘எந்தத் தெரு?’

கரிசல் கிராமங்களில் புது ஆளைக் கண்டதும் முதலில் வரும் கேள்வி, “எந்த ஊரு?” அடுத்தது, “எந்தத் தெரு?” முகவரிக்காகக் கேட்பதல்ல இது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி வந்து படிக்கும் நம் மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். ‘காலனி’ என்று சொன்னதும் சில இடங்களில் பேச்சு நின்றுவிடும். சில இடங்களில் ‘வாங்க’ என்பது ‘வா’ ஆகிவிடும்.

அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில், சாதியைக் குறிக்கும் குடியிருப்பு, தெரு, சாலை, நீர்நிலைப் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது. விவகாரம் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கும் போயிருக்கிறது. நாம் இந்த மாற்றத்தை வரவேற்கிறோம். ஆனால் நம் தெருக்களின் பெயர் மாறுவது இது முதல் தடவை அல்ல. ‘சேரி’ என்றார்கள். அது ‘ஹரிஜன் காலனி’ ஆனது. பிறகு ‘ஆதிதிராவிடர் காலனி’. கடைசியில் முன்பாதி உதிர்ந்து வெறும் ‘காலனி’ நின்றது. நகரத்தில் ரயில்வே காலனி, வங்கி ஊழியர் காலனி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கிராமத்தில் அதே சொல் வசவானது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் இடம் அதேதான்: ஊருக்கு வெளியே, தார்ச்சாலை முடிந்து கரிசல் மண் காலைப் பிடிக்கிற இடம்.

சென்னையின் பழைய கதை ஒன்று உண்டு. எம்.ஜி.ஆர். ஆட்சியில், எழுபதுகளின் இறுதியில், தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயர்களை அழித்தார்கள். நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான டி.எம்.நாயர் பெயரிலிருந்த தி.நகர் சாலை, ‘டாக்டர் சாலை’ ஆனது! எந்த டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. பிராமணர் ஆதிக்கத்தை எதிர்த்தவரின் பெயரே சாதி ஒழிப்பில் காணாமல் போனது. பிறகு ‘டாக்டர் நாயர் சாலை’ திரும்பி வந்துவிட்டது.

சிரித்துவிட்டுப் போகலாம். நம் மாவட்டத்தில் நடந்ததைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. உங்கள் அப்பாவின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 1986க்கும் 1997க்கும் இடைப்பட்டதாக இருந்தால் ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்றிருக்கும். அந்தப் பெயர் ஏன் போனது? வ.உ.சி. மீது யாருக்கும் மனக்குறை இல்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்து, கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்றவர் அவர். தலித் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடி இரண்டு வருடம்கூட ஆகாத நேரம். தென்மாவட்டங்கள் மறுபடி பற்றி எரிந்தன, உயிர்கள் போயின.

அரசு கண்ட தீர்வு என்ன தெரியுமா? 1997 ஜூலையில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர் பெயர்களை எடுத்துவிட்டார்கள். கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலியானது, காமராசர் மாவட்டம் விருதுநகரானது, பசும்பொன் தேவர் மாவட்டம் சிவகங்கையானது. சிதம்பரனாரும் போனார். அத்தனை பெயர்கள் இருந்தவரை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒரே ஒரு தலித் பெயர் வந்ததும் எல்லாப் பெயரும் இறங்க வேண்டியதாயிற்று. இதைச் சமத்துவம் என்று எழுதியவர்கள் உண்டு. பணிந்துபோனது என்றுதான் நாம் சொல்வோம்.

அதனால்தான் இப்போதைய பெயர்மாற்றத்தில் நமக்கு இரண்டு கவலைகள். ஒன்று, ‘கீழத்தெரு’, ‘தெற்குத்தெரு’ போன்ற பெயர்கள். அவற்றில் சாதி எழுதியிருக்காது. பட்டியல் எடுக்கும் அதிகாரி திசைப்பெயர் என்று விட்டுவிடுவார். ஊருக்குள் யாருக்கும் பொருள் மாறாது. இரண்டு, புதுப்பெயரை யார் முடிவு செய்வது? மேலேயிருந்து மல்லிகைத் தெரு, ரோஜாத் தெரு என்று வந்து இறங்கினால், ‘மல்லிகைத் தெருவா?’ என்று கேட்கும்போதே அதே பழைய குரல் கேட்கும். சுந்தரலிங்கம், அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன் பெயர்களை நம் தெருவுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாலும் அதே கதைதான். கடைத்தெருவுக்கும் பஸ் நிற்கும் மெயின் ரோட்டுக்கும் அந்தப் பெயர்கள் ஏன் வரக்கூடாது?

ஜனவரி 26 கிராம சபை வருகிறது. படிக்கிற பிள்ளைகள் லீவில் ஊரில்தான் இருப்பீர்கள். பெயர் பற்றிய தீர்மானம் வந்தால், அதே தாளில் இன்னும் மூன்றை எழுதச் சொல்லுங்கள்: தார்ச்சாலை தெருக்கோடி வரை வரவேண்டும்; சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும்; பட்டா இல்லாத வீடுகளுக்குப் பட்டா வேண்டும். பெயர் மாறினால் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழில் முகவரியை மாற்ற மக்களை அலையவிடாமல் ஊருக்கே முகாம் போடவும் கேளுங்கள். பழைய பெயரையும், அங்கே முதலில் குடியேறியவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பலகையைக் கழற்றிய பிறகு அதைச் சொல்ல அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.