கல்யாணப் பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

பஹாவ் பக்கமும் போர்ட்டிக்சன் பக்கமும் நான் பார்த்த தோட்டங்களில், பெண் பிள்ளையின் முகத்திலுள்ள பிறவிச் சிவப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்கும் எண்ணம் பெரும்பாலும் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுதான் வருகிறது. அதுவரை ஏச்செல்லாம் தாய்க்கு. கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாளாம், வயிற்றுப்பிள்ளையோடு எதையோ பார்த்துப் பயந்தாளாம்.

என் அக்காவும் இதையெல்லாம் கேட்டு அழுதவள். மகளின் இடது கன்னத்தில் பிறந்த இரண்டாம் வாரம் கடுகளவு சிவப்பு தெரிந்தது. ஆயாக்கொட்டகையில் விடுவதற்குள் அது புடைத்துத் தடித்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வயதில் மெல்ல வெளுத்து அமுங்கியது. ஆனால் முழுசாகப் போகவில்லை; நூல் நூலாகச் சில சிவப்புக் கோடுகளும், கிள்ளினால் தளர்வாக வரும் கொஞ்சம் தோலும் மிஞ்சின.

அது ரத்தநாளங்கள் பெருகி உண்டாகும் கட்டி. முதல் ஐந்தாறு மாதம் வேகமாக வளரும், பிறகு பல ஆண்டுகளில் தானாகச் சுருங்கும். கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறக்கும்போதே தட்டையாக, திராட்சை ரச நிறத்தில் இருப்பது வேறு வகை. சோவியத் தலைவர் கோர்பச்சேவின் நெற்றியில் உலகமே பார்த்தது அதைத்தான். அது தானாக மறையாது, வயதோடு கருத்துத் தடிக்கவும் கூடும். இரண்டையும் ஒன்றாக நினைத்து "வளர்ந்தால் போயிடும்" என்று சொல்லிவிடுகிறோம்.

கட்டி சுருங்கியபின் மிஞ்சும் சிவப்புக்கு லேசர் உண்டு. 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை ரத்தம் உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூட்டில் நுண்குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். சுற்றியுள்ள தோலைக் காப்பாற்றிக் குழாயை மட்டும் தாக்கலாம் என்ற கோட்பாட்டை 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் எழுதினார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் சுள்ளென்று படும். அந்த இடம் ஊதாவாகக் கன்றி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். சில வாரம் விட்டு மறுபடி போக வேண்டும். தளர்ந்த தோலை இந்த லேசர் இறுக்காது. அதற்கு வேறு லேசரோ சிறு அறுவையோ தேவைப்படலாம்.

நம் நிறத்துக்கு இன்னொரு கவனமும் வேண்டும். மாநிறத் தோலிலுள்ள மெலனினும் அந்த ஒளியைக் குடிக்கும். சக்தி கூடினால் கறுப்புத் திட்டோ வெள்ளைத் திட்டோ விழும். அதனால்தான் நல்ல டாக்டர் முதலில் ஓரிடத்தில் மட்டும் சுட்டுப் பார்த்து, சில வாரம் காத்திருப்பார். வெயிலில் கறுத்த முகத்தோடு போனால் இப்போது வேண்டாம் என்பார். செம்பனை வெட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முகப்பூச்சு விற்கும் அழகு நிலையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று கன்னத்தைக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையிலோ கோலாலம்பூர் மருத்துவமனையிலோ தோல் நிபுணரைப் பாருங்கள்.

ஆனால் எனக்கு ஆற்றாமை லேசரைப் பற்றியல்ல. 2008இல் பிரான்சின் போர்தோ நகர டாக்டர்கள், இதயக் கோளாறுக்காக புரோப்ரனலால் என்ற மருந்து கொடுத்த ஒரு குழந்தையின் ரத்தநாளக் கட்டி மறுநாளே நிறம் மாறி மிருதுவானதைக் கண்டு எழுதினார்கள். இன்று, கட்டி வளரும் அந்த முதல் மாதங்களிலேயே கொடுத்தால் பின்னால் மிஞ்சுவதே குறைகிறது. தேவையான பிள்ளைக்கு டாக்டர் மேற்பார்வையில் தர வேண்டிய மருந்து அது, கடையில் வாங்கிக் கொடுப்பதல்ல. அக்கா மகள் பிறந்த காலத்தில் இந்த வைத்தியம் இல்லை. இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

பிரசவம் ஆன வீட்டுக்கு கிளினிக் தாதி வருவார் இல்லையா, அவரிடமே காட்டுங்கள். பக்கத்தில் ஒரு பத்து காசு நாணயத்தை வைத்து வாரம் ஒரு படம் கைப்பேசியில் எடுத்து வையுங்கள். கண், உதடு, மூக்கு ஓரத்தில் இருந்தாலோ புண்ணானாலோ வாரக்கணக்குப் பார்க்காமல் அன்றே கிளம்புங்கள்.