10 வருஷம் காலியாகக் கிடந்த 4 நாற்காலிகள்!
ஓட்டுப் பெட்டிக்குள் சாதி புகுந்தது எப்படி?

மதுரை வட்டாரத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் டீக்கடை பெஞ்சில் முதலில் விழும் கேள்வி "எந்தக் கட்சி ஜெயிக்கும்?" என்பது அல்ல. "இந்த தடவை நம்ம பஞ்சாயத்து யாருக்கு ஒதுக்கீடு?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

1986-க்குப் பிறகு தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் 10 வருஷம் நடக்கவில்லை. மத்திய அரசு அரசியல் சட்டத்தைத் திருத்தியது. 1994-ல் தமிழ்நாட்டிலும் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. மக்கள் தொகைக்கு ஏற்ப தாழ்த்தப்பட்டோருக்குத் தலைவர் பதவிகளை ஒதுக்க வேண்டும் என்றது சட்டம். 1996 அக்டோபரில் தேர்தல் வந்தது.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்காச்சியேந்தல். இந்த 4 பஞ்சாயத்துகளிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு என்று அறிவிப்பு வந்ததும் ஊரில் பெரும்பான்மையாக உள்ள சாதியினர் "முடியாது" என்று கூறிவிட்டார்கள்.

ஜெயித்ததும் ராஜினாமா!

முடியாது என்றால் என்ன செய்தார்கள்? ஓட்டுப் பெட்டியை உடைக்கவில்லை. அதைவிடச் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள்.

சில தடவை வேட்பு மனுவே தாக்கல் ஆகவில்லை. சில தடவை ஊர்க்காரர்களே ஒருவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் ஜெயிப்பார். பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவார். மறுபடி இடைத்தேர்தல், மறுபடி போலீஸ் வேன், மறுபடி அதே ராஜினாமா! சட்டப்படி தேர்தல் நடந்தது. ஆனால் நாற்காலி மட்டும் காலி.

இப்படியே 1996-ல் இருந்து 2006 வரை 10 வருஷம் ஓடியது. இடையில் ஆட்சி மாறியது. நாற்காலி மட்டும் நிரம்பவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தலைவர் பதவிதான் தாழ்த்தப்பட்டோருக்கு. ஓட்டு போடுவது ஊரே சேர்ந்து! ஆகவே எந்தத் தாழ்த்தப்பட்டவர் ஜெயிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும் பெரும்பான்மைச் சாதி ஓட்டுதான். அவர்களிடம் கூலி வேலைக்குப் போகிறவர், கடன் வாங்கியிருப்பவர் நின்றால் ஓட்டு விழும். நிமிர்ந்து பேசுகிறவர் நின்றால் விழாது.

மேலவளவில் கொட்டிய ரத்தம்

மேலூர் பக்கம் உள்ள மேலவளவில் விவகாரம் ராஜினாமாவோடு நிற்கவில்லை.

அங்கேயும் 1996-ல் தனி பஞ்சாயத்து அறிவிப்பு வந்தது. முதலில் மிரட்டலால் தேர்தல் நின்றது. டிசம்பர் 28-ந் தேதி மறுபடி ஓட்டுப்பதிவு நடந்தபோது பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 31-ந் தேதி போலீஸ் காவலோடு மீண்டும் ஓட்டுப்பதிவு. எதிர்த்தவர்கள் புறக்கணித்தார்கள். முருகேசன் ஜெயித்தார்.

தலைவர் பதவியில் அவர் இருந்தது 6 மாதம்.

1997 ஜூன் 30-ந் தேதி மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்சில் ஊர் திரும்பியபோது முருகேசனும் அவரைச் சேர்ந்த 5 பேரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-ல் சேலம் கோர்ட்டு 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை ஆனபோது பழைய காயம் மறுபடி கிளறப்பட்டது.

உசிலம்பட்டி பக்கம் ஒருவரும் துணிந்து பதவியில் உட்காராததற்கு மேலவளவும் ஒரு காரணம் என்றால் மறுக்க ஆள் இருக்காது. பஸ்சில் ஏறினால் திரும்பி வருவோமா என்ற பயம் இருக்கும்போது யார் மனு கொடுப்பார்?

2006-ல் என்ன மாறியது?

2006-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு இந்த 4 ஊர்களிலும் தேர்தலை நடத்தியே தீருவது என்று இறங்கியது. அப்போது மதுரை கலெக்டராக இருந்தவர் உதயச்சந்திரன். ஊர் ஊராகப் போய்ப் பேச்சுவார்த்தை நடந்தது. அந்த அக்டோபர் தேர்தலில் 4 பஞ்சாயத்துகளுக்கும் தலைவர்கள் கிடைத்தார்கள். இந்த தடவை ராஜினாமா இல்லை. நவம்பரில் 4 தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து சமத்துவப் பெருவிழா நடத்தினார்கள்.

போலீசை நிறுத்தி ஒரு நாள் ஓட்டுப்பதிவை நடத்திவிடலாம். மறுநாள் போலீஸ் போய்விடும். ஊர் சம்மதிக்காமல் 5 வருஷம் ஒருவர் தலைவராக இருக்க முடியாது. 2006-ல் ஆபீசர்கள் பிடித்த நாடி இதுதான்.

பட்டணத்தில் ஏன் இந்தத் தகராறு இல்லை?

சென்னை மேயர் பதவியும் 2022-ல் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பிரியா மேயர் ஆனார். சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர். ஒரு கலாட்டாவும் இல்லை.

காரணம், மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி சொன்னால் கை தூக்குவார்கள். கிராமத்திலோ தலைவருக்கு ஊரே நேரடியாக ஓட்டு போடுகிறது. தலைவர், வார்டு மெம்பர் ஓட்டுச்சீட்டில் கட்சிச் சின்னம் கிடையாது. உதயசூரியனும் இரட்டை இலையும் இல்லாத சீட்டில் அந்த இடத்துக்கு சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ரகசிய ஓட்டு என்று பெயர். ஒரு வார்டில் சில நூறு ஓட்டுதான். மெம்பர் ஓட்டை எண்ணி முடிக்கும்போதே எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் டீக்கடையில் முகம் பார்க்க வேண்டாமா?

பட்டணத்திலும் வேறு நெருப்பு பிடிக்கும். 2022 பிப்ரவரி 19-ந் தேதி மேலூர் நகராட்சித் தேர்தலில், ஹிஜாப் அணிந்து ஓட்டுப்போட வந்த பெண்ணை பா.ஜ.க. பூத் ஏஜெண்டு ஆட்சேபித்தார். மற்றக் கட்சி ஏஜெண்டுகள் எதிர்த்தார்கள். அவரை வெளியேற்றிவிட்டு ஓட்டுப்பதிவு தொடர்ந்தது. நாடு முழுக்க செய்தி பரவியது. எண்ணிப் பார்த்தால் அந்த வார்டில் பா.ஜ.க.வுக்கு விழுந்தது 10 ஓட்டு! தி.மு.க. ஜெயித்தது.

தகராறினால்தான் 10 ஓட்டு என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கட்சிக்கு அங்கே முன்பே பலம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தகராறு ஓட்டு சேர்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நாற்காலி கிடைத்தாலும்...

ஓட்டு எண்ணியதோடு விவகாரம் முடிவதில்லை. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலுக்குப் பிறகு, கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில்! அதே வருஷம் ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரை சுதந்திர தினக் கொடி ஏற்ற விடவில்லை. 5 நாள் கழித்து கலெக்டர் வந்து ஏற்ற வைத்தார்.

பாப்பாபட்டி கதை மாறியிருக்கிறது. 2021 காந்தி ஜெயந்தி அன்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே கிராம சபைக் கூட்டத்துக்கு வந்தார். 10 வருஷம் தலைவரே இல்லாத ஊர் அது.

2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்தது. அவர்கள் இருந்த இடத்தில் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள்.