காது கேளாத குழந்தைக்கு ஆபரேஷன் ஃப்ரீ... ஆனா 6 வயசு தாண்டிட்டா? சின்னசேலம் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

"ஆம்பளப் புள்ள லேட்டாதான் பேசும்", "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு"... பேச்சு வராத குழந்தையைப் பற்றி சின்னசேலம் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே சொல்லப்படும் சமாதானம் இது. ஆனால் சில குழந்தைகளுக்குப் பிரச்னை பேச்சில் இல்லை, காதில்! அதைக் கண்டுபிடிப்பதில் ஆகும் தாமதம், கையில் கிடைக்கும் இலவச சிகிச்சையின் பலனையே குறைத்துவிடுகிறது.

என்ன சிகிச்சை?

காது மெஷின் வைத்தும் கேட்காத குழந்தைகளுக்குச் செய்யப்படுவது காக்ளியர் இம்ப்ளான்ட். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒலியை சிக்னலாக மாற்றும். உள்காதில் பொருத்தப்பட்ட மின்முனைகள் செவி நரம்பை நேரடியாகத் தூண்டும். பல லட்சம் ரூபாய் செலவாகும் இந்த ஆபரேஷன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஏன் இந்த வயசுக் கணக்கு?

பிறவியிலேயே காது கேளாமல் இருந்து இம்ப்ளான்ட் பொருத்தப்பட்ட 104 பேரை வைத்து, அமெரிக்காவில் அனு சர்மா குழுவினர் 2002ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்றரை வயதுக்குள் பொருத்தியவர்களின் மூளை, சில மாதங்களிலேயே ஒலிக்கு இயல்பாகப் பதில் தரத் தொடங்கியது. 7 வயதுக்கு மேல் பொருத்தியவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி நடக்கவில்லை. காரணம், சத்தமே போகாத மூளைப்பகுதி வேறு வேலைக்குப் பழகிவிடுகிறது.

சிக்கல் எங்கே?

பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது... இதுதான் உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றச் சொல்லும் கணக்கு. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன கருவியை வைத்து, சில நிமிடங்களில் முடிக்கக்கூடிய டெஸ்ட் இது. வலி இல்லை, ஊசி இல்லை.

சொந்தத்தில் திருமணம் செய்வது பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்பை அதிகரிக்கும். தமிழ்நாட்டில் 28% பெண்கள் சொந்தத்தில் மணமுடித்தவர்கள் என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21). இந்த டெஸ்ட் இங்கே கூடுதல் அவசியம் ஆவது அதனால்தான்.

ஆபரேஷனோடு முடிஞ்சிடுமா?

இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கருவியை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சியும் தேவை. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் கூலித் தொழிலாளிக்கு, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒருநாள் சம்பளம் போகும். பேட்டரி, வயர் செலவு தனி.

2019ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பேச்சுப் பயிற்சியும் சின்னசேலம், மலையடிவாரம் வரை வந்தால்தான் இலவச ஆபரேஷனுக்கு முழுப் பலன் கிடைக்கும்.

பெற்றோர் என்ன செய்யணும்?

* டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே காது டெஸ்ட் பற்றிக் கேளுங்கள்.
* பெரிய சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிடவில்லையா? 1 வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? காத்திருக்க வேண்டாம்.
* அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 104க்கு போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

எத்தனை ஆபரேஷன் நடந்தது என்பது அரசின் சாதனைக் கணக்கு. எத்தனையாவது மாதத்தில் கண்டுபிடித்தோம் என்பதுதான் குழந்தையின் வாழ்க்கைக் கணக்கு!