ஓசியில் வந்த ஹெலிகாப்டர்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஹெலிகாப்டராக இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2021 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க ராணுவம் காபூலை விட்டுக் கிளம்பியபோது, விமான நிலையத்தில் இருந்த 73 விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பறக்க முடியாதபடி செய்துவிட்டுப் போனது. தாலிபான்கள் பழைய விமானப்படை மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, கைக்குக் கிடைத்தவற்றில் சிலவற்றைப் பழுது பார்த்துப் பறக்கவும் விட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் காபூலில் பயிற்சியின்போது ஒரு பிளாக் ஹாக் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள்.

நான் படிப்பது காமர்ஸ். ஒரு சொத்தின் செலவு வாங்கும் விலையோடு முடிவதில்லை, பராமரிப்பும் சேர்ந்ததுதான் என்பது எங்கள் பாடம். பிளாக் ஹாக் அமெரிக்கத் தயாரிப்பு. பழைய ஆப்கன் அரசு இருந்தபோதே அதைப் பராமரித்தது பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள். அவர்களும் போய், உதிரிபாகமும் வராவிட்டால், ஒன்றைப் பறக்கவிட இன்னொன்றைப் பிரிக்க வேண்டியதுதான். முதலைத் தின்று நடத்தும் வியாபாரம் எத்தனை நாள் ஓடும்?

ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 கதை வேறு. அந்த நாட்டு மெக்கானிக்குகளுக்கு அது பல வருடப் பழக்கம். 2025 குனார் நிலநடுக்கத்தில் சாலை அடைபட்ட மலைக் கிராமங்களிலிருந்து காயம்பட்ட பலரை ஹெலிகாப்டர்கள்தான் தூக்கி வந்தன. எனவே எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போடச் சொல்லவில்லை. பராமரிக்கத் தெரிந்ததை ஓட்டட்டும். கௌரவத்துக்காக பிளாக் ஹாக்கைக் கிளப்ப வேண்டாம். விழுந்தால் போவது ஓசியில் வந்த இயந்திரம் மட்டும் இல்லையே!