சேத்தக் மாடலும் பென்ஷன்காரர்களும்

அல்சூர், முருகேஷ்பாளையா, விமானபுரம் பக்கத்தில் சில வீடுகளுக்குப் போனால் ஷோகேஸில் ஒரு சின்ன ஹெலிகாப்டர் நிற்கும். பக்கத்தில் பேரன் வாங்கிய கோப்பை, கல்யாண போட்டோ. "அழகாக இருக்கிறதே" என்று வந்தவர் சொன்னால் வீட்டுப் பெரியவர் உதட்டைப் பிதுக்குவார். "அழகுதான். ஆனால் சரியில்லை. வயிற்றுப் பக்கம் கொக்கி எங்கே?" என்பார்.

அந்தக் கொக்கியில்தான் 750 கிலோ வரை பாரம் தொங்கும். மாடல் செய்தவருக்கு அது தெரியவில்லை. வருடக்கணக்கில் அதைப் பூட்டிக் கழற்றியவருக்குத் தெரியும். இப்படித் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையை இனியும் தள்ளிப் போடக் கூடாது.

சேத்தக் என்பது பிரான்சு நாட்டின் அலுவெட்-3. அதைத் தயாரிக்க எச்.ஏ.எல். நிறுவனம் 1962-ல் உரிமை பெற்றது. பெங்களூரில் பூட்டிய முதல் ஹெலிகாப்டர் 1965-ல் பறந்தது. பிறகு 300-க்கும் மேல் இங்கே தயாராயின. அடுத்து வந்தது சீட்டா. 1972-ல் பெங்களூரில் பறந்தது. அவற்றைச் செய்த கைகளில் வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் கைகளும் உண்டு. 1965-ல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. கணக்கு அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் வரைபடம் இருக்குமே, அதைப் பார்த்து மாடல் செய்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வரைபடம் காட்டுவது தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது ஹெலிகாப்டர் எப்படி இருந்தது என்பதை. படைக்குப் போன பிறகு அதில் என்னென்ன மாட்டினார்கள், எதையெல்லாம் கழற்றினார்கள் என்பது வேறு கதை.

1971-ம் ஆண்டு வங்கதேசப் போரை எடுத்துக்கொள்ளலாம். வங்காள விமானிகளுக்காக நாகாலாந்தில் திமாப்பூரில் 'கிலோ பிளைட்' என்ற சிறு படை அமைந்தது. அதற்கு இந்திய விமானப் படை ஓர் அலுவெட்டைக் கொடுத்தது. ஆள் ஏற்றும் அந்த ஹெலிகாப்டரின் இரு பக்கமும் ராக்கெட் குழல்களைப் பொருத்தினார்கள். ஓர் இயந்திரத் துப்பாக்கியும் வைத்தார்கள். கீழிருந்து வரும் குண்டுக்குத் தடுப்பாக, தரையில் ஓர் அங்குல இரும்புத் தகட்டை வெல்டிங் செய்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் அது நாராயண்கஞ்ச் பக்கத்து எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது. பிரெஞ்சுக்காரர் போட்ட வரைபடத்தில் அந்தத் தகடு ஏது?

கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாடல்களில் 72-ல் ஒரு பங்கு அளவு பிரபலம். பதினொரு மீட்டர் அகலம் சுழலும் சேத்தக் விசிறி அந்தக் கணக்கில் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஆறு அங்குல ஸ்கேல் அளவுக்கு வந்துவிடும். ஓர் அங்குலத் தகடு கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம்தான் இருக்கும். உள்ளே வைத்தால் கண்ணுக்கே தெரியாது. இருந்தும் அதை வைத்துச் செய்த மாடலுக்கும் வைக்காமல் செய்த மாடலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒன்று போருக்குப் போன வண்டி, மற்றது பொம்மை.

கழற்றிய கதை சியாச்சினில். அங்கே 1978 அக்டோபரில் முதலில் இறங்கியது சேத்தக். 1984 ஏப்ரலில் இராணுவம் பனிமலையில் ஏறிய பிறகு, மேலே உள்ள காவல் நிலைகளுக்குச் சீட்டாவே உயிர்நாடி ஆனது. இருபதாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்துவிடும். விசிறிக்குப் பிடிப்புக் கிடைக்காது. சில நடைக்கு ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய்தான் ஏற்ற முடியும். அதனால் வேண்டாத சாமானையெல்லாம் இறக்கிவிடுவார்கள். இதே ரக ஹெலிகாப்டரில்தான் 1972 ஜூனில் பிரெஞ்சு விமானி ழான் பூலே 12,442 மீட்டர் உயரம் ஏறினார். அவரும் எடையைக் குறைத்துத்தான் ஏறினார். ஆனால் அவர் சாதனைக்காக ஒரு நாள் செய்ததை, பனிமலையில் மெக்கானிக்குகள் தினசரி வேலையாகச் செய்தார்கள். வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும் குளிரில் ஸ்பானர் பிடித்தவர்கள் அவர்கள். எந்த ஸ்குரூவைக் கழற்றினோம் என்பது அவர்களுக்கு மறக்காது.

அதனால், 'சீட்டா ஹெலிகாப்டர்' என்று மட்டும் எழுதி மாடலை நிறுத்துவதில் பொருளில்லை. எந்த வருடம், எந்த இடம், என்ன மாட்டியிருந்தது என்று மூன்றும் இருந்தால்தான் அது சரியான மாடல்.

இரகசியம் அல்லவா என்று சில பென்ஷன்காரர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் அவர்களுடைய கட்டுப்பாட்டைக் காட்டுகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அலுவெட்-3 முதலில் பறந்தது 1959-ல். அதன் கொக்கி எந்தப் பக்கம் இருந்தது என்பதில் இன்னும் என்ன இரகசியம்? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அதிகாரிகளே எழுத்தில் கொடுத்துவிட்டால் பயம் போய்விடும். பாதுகாப்புத் தொழிற்சாலைக்குள் காமிரா கொண்டுபோக முடியாது என்பதால் தொழிலாளிகளிடம் போட்டோவும் கிடையாது. நினைவு ஒன்றுதான் கையிருப்பு.

நினைவும் தப்பும். ஒருவர் பச்சை என்பார், இன்னொருவர் சாம்பல் என்பார். அதற்குத்தான் மாடல் வேண்டும். வெறும் பேச்சில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நடுவில் ஒரு மாடலை வைத்துவிட்டால், "இங்கே பார் அண்ணே, ஏணிப்படி இந்தப் பக்கம். நீ சொல்வது வேறு வண்டி" என்று தொட்டுக் காட்டிச் சரி செய்துகொள்வார்கள்.

பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். காட்சிசாலை 2001-ல் திறக்கப்பட்டது. பால்சா கட்டையில் விமானம் செய்யப் பழகும் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களும் ஊரில் உண்டு. மாதம் ஒரு நாள் அங்கே ஒரு மேஜை போட்டு, மாணவர்களையும் பென்ஷன்காரர்களையும் எதிரெதிரே உட்கார வைத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. டீ செலவு ஆகும். இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லக் கூடாது. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் என்று அவரவர் வாயில் வருகிறபடி பதிவு செய்ய வேண்டும். ஷிப்டில் பேசிய பாஷையில்தான் வேலை நினைவுக்கு வரும்.

இவற்றுக்குப் பதிலாக உருவான இலகு ரக ஹெலிகாப்டர் 2016 செப்டம்பரில் இதே பெங்களூரில் பறந்தது. பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறும். வீடு மாற்றும்போதும் பரணைச் சுத்தம் செய்யும்போதும் அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் தூக்கிக் கொடுப்பவர்கள், அதற்கு முன்பு ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். கிரீஸ் படிந்த ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தால் எடுத்து வைக்கட்டும். விமானத் தளத்தில் எடுத்த குரூப் போட்டோ கிடைத்தால், அப்பா இருக்கும்போதே பெயரையும் வருடத்தையும் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதட்டும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.