பங்கிடத் தெரிந்தவர்க்கு நீதி தெரியாதா?

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் பாராளுமன்றத்தில் ஒரு நாடகம் அரங்கேறுகிறது. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருப்போர் “வரியைக் குறையுங்கள்” என்று முழங்குகின்றனர். ஆளும் வரிசையினர் “திறைசேரி வெறுமையாகிவிடும்” என்று கையை விரிக்கின்றனர். ஆட்சி மாறினால் வசனங்கள் வாய் மாறுகின்றன. வரி மட்டும் மாறுவதில்லை. 2018 மே மாதத்தில் விலைச் சூத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பின்னர் கைவிட்டார்கள், 2022இல் அதனையே மீண்டும் கையில் எடுத்தார்கள். இவ்வாதப் பிரதிவாதங்களில் எண்ணெய் வாங்குவோர் யாவரும் ஒரே நிலையினர் என்றே கருதப்படுகின்றனர். தவறு அங்கேதான் தொடங்குகிறது என்பது நமது கருத்து.

அரசாங்கத்தின் பக்கத்தில் நியாயமே இல்லையென நாம் வாதிடவில்லை. வாங்கிய விலைக்கும் குறைவாக விற்று, நட்டத்தைக் கடனாகப் பெருக்கியதும் 2022ஆம் ஆண்டின் பேரிடருக்கு ஒரு காரணமாகும். 2021ஆம் ஆண்டின் முடிவில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. 121 ரூபாவாக இருந்த டீசல் 460 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்கச் சித்தமாயிருந்தோரும் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஆகவே, எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் மலிவு விலை என்று கேட்பது பொறுப்பான கோரிக்கையன்று.

ஆயினும், செலவை ஈடுசெய்யும் விலை வேறு. அச்செலவின்மேல் ஏற்றப்படும் வரி வேறு. 2024 சனவரி முதல் பெற்றோலும் டீசலும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரிக்கு உட்படுத்தப்பட்டன. தலைநகரில் சொகுசு வண்டியிற் பவனி வரும் தனவந்தரும், யாழ்ப்பாணத்திலிருந்து வைகறையிற் புறப்பட்டு மோட்டார் சைக்கிளில் வன்னிப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியரும் லீற்றர் ஒன்றுக்கு ஒரே வரியைச் செலுத்துகின்றனர். முன்னவருக்கு அது சில்லறை. பின்னவருக்கோ சம்பளத்தின் ஒரு பங்கு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்துவிட்டபோது, வண்டியின் வகையையும் இயந்திரத்தின் வலுவையும் பார்த்தே அரசாங்கம் வரி விதித்தது. வண்டியிற் கண்ட வேற்றுமை எண்ணெயில் மட்டும் மறைந்துவிடுவது ஏன்?

நமது கமக்காரரின் நிலை இன்னும் பரிதாபமானது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. நீரிறைக்கும் இயந்திரங்களிற் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. ஏறத்தாழ நான்கு மடங்கு! இறைப்புக்குக் கொடுத்ததுபோக, உழவு இயந்திரத்துக்கும், விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றும் லொறிக்கும் மீண்டும் டீசலுக்கே கொடுக்க வேண்டும். சந்தையில் விலையைத் தீர்மானிப்பவனோ அவனல்லன்.

எண்ணெயின் அருமையை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. போர்க்காலத் தடையின்போது சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓட்டிய மக்கள் நாம். 1990இல் நின்ற யாழ்ப்பாணத்து இரயிலை 24 ஆண்டுகள் கழித்து, 2014இலேதான் மீண்டும் கண்டோம். பொதுப் போக்குவரத்து மெலிந்து கிடக்கும் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரமன்று, அது கால்.

யாருக்கு எவ்வளவு எண்ணெய் என்று பிரித்தறிவது இயலாத காரியம் என்பார்கள். அதனை நாம் ஏற்கமாட்டோம். 2022இல் கியூ.ஆர். முறையைக் கொண்டுவந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று வகைவகையாய்ப் பங்கிட்டவர்கள் இவர்களே. சீனா நன்கொடையாக அளித்த டீசலை நெற்செய்கையாளருக்கும் கடற்றொழிலாளருக்கும் பகிர்ந்ததும் இதே நிருவாகந்தான். கொடுப்பதைக் குறைக்க வேண்டியபோது ஒவ்வொரு வண்டியையும் இனங்கண்ட அரசாங்கத்துக்கு, சுமையைக் குறைக்க வேண்டியபோது மட்டும் கண் தெரியாமற் போவதேன்?

நமது கோரிக்கை மூன்று. ஒரு லீற்றரில் கொள்முதல் விலை எவ்வளவு, வரி எவ்வளவு, பழைய கடனுக்கு எவ்வளவு என்பதை ஒவ்வொரு விலைத் திருத்தத்தின்போதும் மக்கள் விளங்கும் மொழியில் வெளியிட வேண்டும். பதிவு செய்த கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும், கமநல சேவை நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக, எண்ணெய்மீதான வரியின் அளவையேனும் மீள வழங்க வேண்டும். வடக்கு, கிழக்குக் கிராமப்புறங்களில் பஸ் சேவையைப் பெருக்க, அவ்வரியில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

இவை சலுகைகளல்ல, செலுத்தும் வரிக்கு ஈடான நியாயங்கள். விலை ஏறிய நாளில் மட்டும் எழுந்து முழங்கி மறுநாள் அமர்ந்துவிடும் நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள், வரவு செலவுத் திட்ட விவாதத்திலேனும் இவற்றைக் கணக்கோடு எடுத்துரைப்பார்களாக. வரிசையில் நிற்கப் பழகிய மக்கள், வாக்குச்சாவடி வரிசையிலும் நிற்பார்கள் என்பதை ஆளுவோர் மறவாதிருத்தல் நன்று.