அய்யார்களின் உலகத்துக்கு ஓர் அபிதான கோசம்

காசிராஜ்யத்தைச் சேர்ந்த சக்கியா, நௌகட் பகுதிகளின் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து மர வியாபாரம் செய்துகொண்டும், அந்தக் காடுகளுக்குள் பாழடைந்து கிடந்த கோட்டைகளையும் குகைகளையும் ஓய்ந்த வேளைகளில் சுற்றிப் பார்த்துக்கொண்டும் வாலிபப் பருவத்தைக் கழித்த தேவகீ நந்தன் கத்ரி என்பவர், அந்தக் குத்தகை கையைவிட்டுப் போன பிறகு கதை எழுத உட்கார்ந்தார் என்பது இந்தி வாசகர்களுக்கு வாய்த்த பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். 1861-ஆம் ஆண்டு பிறந்த அவர், 1888-ஐ ஒட்டி 'சந்திரகாந்தா' என்ற நாவலை நான்கு பாகங்களில் எழுதினார். அது போதாதென்று 'சந்திரகாந்தா சந்ததி' என்று இருபத்து நான்கு பாகங்கள் எழுதினார். அதற்கும் மேலே, சந்ததியில் வந்த ஒரு பாத்திரத்தின் பூர்வ சரித்திரத்தைச் சொல்வதற்கென்று 'பூத்நாத்' என்ற தொடரை ஆரம்பித்து, ஆறு பாகங்களோடு 1913-ல் காலமாகிவிட, எஞ்சியவற்றை அவருடைய குமாரர் துர்காபிரசாத் கத்ரி எழுதி இருபத்தொரு பாகங்களாக நிறைவு செய்தார். ஆக மொத்தம் நாற்பத்தொன்பது பாகங்கள். இத்தனை பெரிய கற்பனா லோகத்துக்கு அதன் ரசிகர்களே ஒன்றுகூடி ஒரு முழுமையான விக்கியை அமைக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே எடுத்துக்கொள்ளும் கட்சி.

கதை சொல்லுவதில் ருசி உடையவர்களுக்கு எந்தப் பாஷைக் கதையும் அந்நியமல்ல.

இந்தத் தொடருக்கு நேர்ந்த அலட்சியம் விசித்திரமானது. விற்பனையில் அது அலட்சியப்படுத்தப்படவில்லை. கத்ரி தம் நூல்களை அச்சிடக் காசியில் லஹரி பிரஸ் என்ற சொந்த அச்சுக்கூடமே நிறுவினார். உருது மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் இந்தக் கதைகளுக்காகவே நாகரி எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பது இந்தி இலக்கிய உலகில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. 1929-ல் இந்தி இலக்கிய சரித்திரத்தை எழுதிய ராமசந்திர சுக்லர் இந்த உண்மையைத் தாராளமாக ஒப்புக்கொண்டார். கத்ரியளவு வாசகர்களை உண்டாக்கினவர் வேறொருவர் இல்லை என்ற புகழையும் கொடுத்தார். கொடுத்த கையோடு, இவை வெறும் சம்பவக் கோவைகள், இலக்கிய வரிசையில் சேராதவை என்று கதவையும் சாத்திவிட்டார். பெரிய விமரிசகர் ஒருவர் சாத்திய கதவை மற்றவர்கள் திறக்க நெடுங்காலம் பிடிக்கிறது. 1994-ல் நீர்ஜா குலேரி தூர்தர்ஷனுக்காகத் தயாரித்த தொடர் சந்திரகாந்தா என்ற பெயரைத் தேசமெங்கும் பரப்பியது உண்மைதான். ஆனால் அது கதையை வேண்டிய மட்டும் மாற்றி எடுத்துக்கொண்ட தொடர். பெயர் தெரிந்தவர்கள் பெருகினார்களே தவிர, நூலைப் புரட்டினவர்கள் அந்த விகிதத்தில் பெருகவில்லை.

கதையின் முதுகெலும்பு இரண்டு: ஒன்று அய்யார்கள், மற்றொன்று திலிஸ்ம். நௌகட் ராஜா சுரேந்திர சிங்கின் மகன் வீரேந்திர சிங்குக்கும், விஜயகட் ராஜா ஜய சிங்கின் மகள் சந்திரகாந்தாவுக்கும் காதல்; நடுவே சந்திரகாந்தாவின் மீது கண் வைத்த க்ரூர் சிங், அவனுக்குத் துணையாகச் சுனார் மன்னன் சிவதத். இவ்வளவு மட்டும் என்றால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு அரசனுக்கும் அய்யார்கள் இருக்கிறார்கள். வேஷம் மாறுதல், ஒற்றறிதல், பாட்டு, ஓட்டம், ஆயுதப் பயிற்சி எல்லாவற்றிலும் கைதேர்ந்த இவர்கள், அந்தக் காலத்து அரண்மனைகளில் சம்பளம் வாங்கி இருந்தவர்கள் என்றும், பெரும்படைகள் மோத வேண்டிய சண்டைகளைத் தங்கள் தந்திரத்தாலேயே முடித்து வைத்தவர்கள் என்றும் கத்ரி தம் முன்னுரையில் விளக்குகிறார். ஓர் அய்யாரின் இடுப்பில் பட்டுவா என்ற பை தொங்கும். அதில் முகத்துக்கு வர்ணங்கள், மயக்கப் பொடி, மூர்ச்சை தெளிவிக்கும் லக்லகா என்ற வாசனைப் பொருள் எல்லாம் இருக்கும். மதில் ஏறக் கமந்த் என்ற சுருக்குக் கயிறு உண்டு. எதிரியின் ஆள் ஒருவனைத் தந்திரமாக மயங்க வைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி முதுகிலே போட்டுக்கொண்டு போய்க் குகையில் அடைத்துவிட்டு, அவன் முகத்தைத் தன் முகத்தில் எழுதிக்கொண்டு எதிரியின் அரண்மனைக்குள்ளேயே நுழைந்துவிடுவது இவர்களுக்கு அன்றாடக் காரியம். இத்தனைக்கும் நடுவே ஒரு தர்மமும் உண்டு: பிடிபட்ட அய்யாரைச் சிறையில் வைக்கலாம், கொல்லக் கூடாது.

திலிஸ்ம் என்பது மாயக் கட்டடம். மாயம் என்றாலும் பேய் பிசாசு, தேவதை, மந்திரம் எதுவும் இல்லை. எல்லாம் மனிதர்கள் கட்டியது. ஏராளமான செல்வம் உள்ள அரசனுக்கு வாரிசு இல்லாதபோது, எத்தனையோ தலைமுறை கழித்து அவன் வம்சத்தில் தகுந்தவன் ஒருவன் பிறப்பான் என்று ஜோதிடர்கள் கணித்துச் சொல்ல, அவனுக்காகவே அந்தப் பொக்கிஷத்தைப் பூட்டி வைக்கும் யந்திர மாளிகை அது என்று கத்ரி ஒரு காரணம் கற்பித்திருக்கிறார். பாழடைந்த கட்டடம் ஒன்றிலே நிற்கும் கல் கொக்கு, அருகே வந்தவரை அப்படியே விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்டவர் சாவதில்லை, திலிஸ்மின் உள்ளே போய்ச் சேர்கிறார். சந்ததியில் கமலினி என்ற பெண்ணிடம் ஒரு குத்துவாள் இருக்கிறது. அதன் பிடியை அழுத்தினால் மின்னலைப் போல் ஒளி எழும், பட்டவன் உடல் நடுங்கி விழுவான். அதே உலோகத்தில் செய்த மோதிரத்தை அணிந்திருப்பவனை மாத்திரம் அது ஒன்றும் செய்யாது. மின்சார விளக்கு காசியில் அபூர்வமாக இருந்திருக்க வேண்டிய காலத்தில், ஆயுதத்தையும் கற்பித்து அதற்குப் பாதுகாப்பையும் கூடவே கற்பித்த அந்த மூளையை வெறும் சம்பவக் கோவைக்காரரின் மூளை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் குத்துவாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, மோதிரம் எப்போது கூடவே போகிறது, எப்போது போகவில்லை என்பதை மட்டும் பாகம் பாகமாகக் குறித்து ஒரு பக்கம் எழுதினால், ஆசிரியரின் கணக்கு எவ்வளவு கறாரானது, எங்கே நழுவியது என்பது இரண்டும் வெளிப்பட்டுவிடும்.

இந்தக் கதைகளைப் படிப்பவர்களுக்கு உள்ள உண்மையான கஷ்டம் இதுவே: யார் யார் என்பது தெரியாது. வீரேந்திர சிங்கின் அய்யாரான தேஜ் சிங் என்று நினைத்தவன் தேஜ் சிங் அல்ல. அவனாக வேஷம் போட்ட பகையாளியும் சில சமயம் பகையாளி அல்ல. சந்ததிக்கு வந்தால் வீரேந்திர சிங்கின் பிள்ளைகள் இந்திரஜித் சிங், ஆனந்த் சிங், தேஜ் சிங்கின் மகன் பைரோ சிங், மற்றோர் அய்யாரான தேவி சிங்கின் மகன் தாரா சிங் என்று தலைமுறையே மாறிவிடுகிறது. ஜமானியாவின் மாயாராணியும் அவளைச் சுற்றிய மர்மங்களும் வேறு சேர்ந்துகொள்கின்றன. மூன்றாம் பாகத்தில் ஒரு வரியிலே வந்துபோன மனிதன் பதினான்காம் பாகத்தில் திரும்பி வந்து கதையையே புரட்டிவிடுவான். பாகம் பாகமாக ஆவலோடு காத்திருந்து படித்துத் திண்ணையில் கூடிப் பேசிய அந்தக் கால வாசகருக்குப் பேச்சே ஞாபகசக்தியாக இருந்திருக்கும். தனியே உட்கார்ந்து படிக்கும் இன்றைய வாசகருக்கு அந்தத் திண்ணை இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க விக்கி வேண்டும்; கதைகளில் வரும் பெயர்களைத் திரட்டி வைக்கும் இந்த மாதிரிக் காரியம் நமக்குப் புதிதும் அல்ல. பச்சையப்பன் கல்லூரித் தமிழ்ப் பண்டிதராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், புராண இதிகாசங்களிலும் இலக்கியங்களிலும் வரும் பெயர்களையெல்லாம் தனி ஒருவராகத் திரட்டி அகராதி வரிசையில் அமைத்த அபிதான சிந்தாமணி 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. கத்ரி அப்போது உயிரோடு இருந்தார். அந்தப் பண்டிதர் கண்டதெல்லாம் காகிதமும் சலியாத உழைப்பும்தான். இன்று வார்டு கன்னிங்ஹாம் 1995-ல் தொடங்கி வைத்த விக்கி முறை இருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம், எந்தத் திருத்தமும் சுவடில்லாமல் மறைந்துவிடாது. 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படங்களின் ரசிகர்கள் 2005-ல் ஆரம்பித்த வூக்கிபீடியாவில், திரையிலே ஒரு கணம் தலைகாட்டிய வேற்றுக்கிரகவாசிக்குக்கூடத் தனிப் பக்கம் இருக்கிறது. பூத்நாத்துக்கு அதைவிட உரிமை உண்டு.

ஆனால் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது, விக்கி எழுத முற்படுகிறவர்கள் முதலிலேயே அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாவலில் சித்தநாத யோகி என்று ஒருவர் வருகிறார், வனகன்னிகை என்று ஒருத்தி வருகிறாள். கடைசியிலே இவர்கள் இன்னாரென்று தெரியும்போது உண்டாகும் சந்தோஷத்துக்காகவே வாசகர் நான்கு பாகங்களைக் கடந்து வந்திருக்கிறார். யோகியின் பக்கத்தைத் திறந்தவுடனே முதல் வாக்கியத்தில் அவர் இன்னார் என்று எழுதிவைத்தால், அது துரோகம். எழுதாமல் விட்டால் கலைக்களஞ்சியம் என்று சொல்ல வாயில்லை. என் அபிப்பிராயத்தில், வேஷத்துக்கு ஒரு பக்கமும் ஆளுக்கு ஒரு பக்கமும் தனித்தனியே வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் பாக வாரியாகப் பகுத்து, இந்தப் பாகம் வரை படித்தவர் இதுவரை காணலாம் என்று எல்லை வகுத்துவிடுவது நல்லது. வாசகர் எந்தப் பாகத்தில் நிற்கிறாரோ அதற்கு அப்பால் உள்ளதைத் திரையிட்டு மறைக்கும் வசதி இன்றைய விக்கிகளில் செய்ய முடியாத காரியமல்ல. கதாசிரியர் எந்த இடத்தில் எவ்வளவு சொன்னார் என்ற கணக்கே இவருடைய கலையின் ரகசியம் ஆகையால், அந்தக் கணக்கை அப்படியே பாதுகாக்கும் விக்கி, விமரிசகர்கள் செய்யாமல் விட்ட வேலையையும் செய்துவிடும். பாத்திரம் வளரவில்லை, குணசித்திரம் இல்லை என்று குறை சொன்னவர்கள், கட்டுக்கோப்பைப் பார்க்காமல் சொன்னார்கள். பார்ப்பதற்குச் சாதனம் அவர்களிடம் இல்லை.

நிலப்படம் இன்னொரு பெரிய ஆதாயம். பெரும்பாலான மாயாஜாலக் கதைகளில் நாடும் நகரமும் கற்பனை. இங்கே பெயர்கள் பலவும் இன்றைக்கும் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்ச் சேரக்கூடிய ஊர்கள். அசோகன் தூண்களுக்குக் கல் கொடுத்த சுனாரின் கோட்டை கங்கைக் கரையிலே நிற்கிறது. விஜயகட் கோட்டை சோன்பத்ரா மாவட்டத்திலும், சந்ததியில் அடிக்கடி வரும் ரோதாஸ்கட் பீகாரிலும், ஜமானியா காஜிப்பூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. சக்கியா, நௌகட் பக்கத்தில் விந்தியப் பாறைகளிலிருந்து விழும் ராஜ்தரி, தேவ்தரி அருவிகளைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு ரகசியச் சுரங்கத்தைக் கதாசிரியர் ஏன் வைத்தார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கேயே வசிக்கிறவர்கள் படம் எடுத்துச் சேர்க்கலாம், தூரம் குறிக்கலாம். ஓர் அய்யார் மூட்டையைச் சுமந்துகொண்டு ஓரிரவில் கடந்ததாகச் சொல்லும் தொலைவு நம்பக்கூடியதுதானா என்று நடந்தே பார்க்கலாம். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி இந்த மாதிரி வேலைக்கு இறங்காது. பித்துப் பிடித்த ரசிகன்தான் இறங்குவான்.

விக்கியில் சுருக்கத்தைப் படித்துவிட்டு நூலைக் கைவிட்டுவிடுவார்களே என்று ஓர் ஆட்சேபம் எழலாம். பொன்னியின் செல்வனுக்கு வம்சாவளிப் படம் வரைந்து வைத்துக்கொண்டவர்கள் யாரும் அதனால் நாவலைப் படிக்காமல் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மேலும், நூலாசிரியர் காலமாகி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டபடியால் கத்ரியின் கதைகள் பொதுச் சொத்து; மூலத்தையே பக்கத்துக்குப் பக்கம் இணைத்துக் காட்டலாம். மகன் எழுதிய பாகங்களைப் பற்றி மட்டும் சற்று ஜாக்கிரதை வேண்டும். அவற்றின் உரிமையை விசாரித்துக்கொண்டு, பாடத்தைப் பிரதி செய்யாமல் சொந்த வார்த்தைகளில் சுருக்கம் எழுதினால் போதும்.

தொலைக்காட்சித் தொடருக்கு வேலி கட்டித் தனிப் பகுதி ஒதுக்குவது அவசியம். அதில் க்ரூர் சிங்காக நடித்த அகிலேந்திர மிஸ்ரா பார்த்தவர் மனத்தில் அழுத்தமாகப் பதிந்துவிட்டார். அந்தப் பாத்திரத்துக்குத் திரையில் கிடைத்த இடம் நூலில் இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதினால் இருபது வருஷத்துக்குப் பிறகு படிக்க வருகிறவன், நூலில் இல்லாத காட்சியை நூலிலே தேடி ஏமாறுவான்.

ஆரம்பிக்கிறவர்கள் முதலில் பாக வாரியான சுருக்கங்களை முடித்துக்கொள்ளட்டும். பூத்நாத்தின் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது உத்தமம். கதாதர் சிங் என்ற இயற்பெயர் உடைய அந்த அய்யார், நல்லவனா கெட்டவனா என்று அவனுக்கே நிச்சயம் இல்லாமல், தன் பழைய பாவங்கள் எந்த மூலையிலிருந்து யார் உருவத்தில் எழுந்து வருமோ என்று அஞ்சி அஞ்சி வாழ்கிறவன். அவன் சரித்திரத்தைத் தந்தை ஆறு பாகம் எழுதி மகன் பதினைந்து பாகம் எழுதியிருக்கிறார். தந்தை சந்ததியில் விட்டுவைத்த முடிச்சுகளில் எத்தனையை மகன் அவிழ்த்தார், எத்தனையைத் தாமே புதிதாகப் போட்டார் என்பதை ஒன்றோடொன்று வைத்து ஒத்துப் பார்த்தவர்கள்தான் அந்தப் பக்கத்தை எழுத வேண்டும்.